வன்னியின் அவசர சிகிச்சைப் பிரிவுகளும் பிள்ளைகளும்: அனர்த்த ஆயத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளம், புயல், வீதி விபத்து, வெடிப்பு போன்ற ஒரு நிகழ்வால் ஒரே நேரத்தில் பல பிள்ளைகள் ஒரு வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டால் என்ன செய்வது என்று வன்னியின் தாதியர்களும் வைத்தியர்களும் அதிபர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. தனிப்பட்ட ஒரு பிள்ளையின் சிகிச்சையை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

வன்னியில் சிறுவர் வைத்தியசாலை ஒன்றும் இல்லையே. அப்படியிருக்க இந்த ஆயத்தம் யாருக்குரியது?

இல்லை என்பதனால்தான் இந்த ஆயத்தம் எல்லோருக்கும் உரியதாகிறது. கொழும்பு பொரளையிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே வைத்தியசாலையும் பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க வைத்தியசாலையும் சிறுவர்களுக்கென்றே அமைந்தவை. ஆனால் விசுவமடுவிலோ நெடுங்கேணியிலோ காயப்பட்ட ஒரு பிள்ளை முதல் ஒரு மணித்தியாலத்தில் அங்கே போய்ச் சேரப் போவதில்லை. அந்தப் பிள்ளையை முதலில் காண்பவர் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலோ, மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்பு ஆதார வைத்தியசாலைகளிலோ, அவற்றிலும் சிறிய ஒரு பிரதேச வைத்தியசாலையிலோ இரவுக் கடமையில் இருக்கும் ஒரு தாதியும் ஒரு வைத்தியரும்தான். வசதி மிகுந்த நாடுகளிலும் நிலைமை இதுவே. ஐக்கிய அமெரிக்காவில் நோயுற்ற பிள்ளைகளுள் பெரும்பாலானோர் சிறுவர் வைத்தியசாலைக்கல்ல, பொது வைத்தியசாலைகளின் அவசரப் பிரிவுகளுக்கே செல்கின்றனர். அங்கே 2013ல் நடந்த நாடளாவிய மதிப்பீட்டில், பிள்ளைகளையும் உள்ளடக்கிய அனர்த்தத் திட்டம் வைத்திருந்த அவசரப் பிரிவுகள் பாதிக்கும் குறைவாகவே இருந்தன.

ஆகவே புதிய கட்டடம் வரும்வரை காத்திருப்பது ஆயத்தம் ஆகாது. இருக்கும் அவசர சிகிச்சைப் பிரிவில், பிள்ளைகளின் விடயத்துக்குப் பொறுப்பாக ஒருவரைப் பெயர் குறித்து நியமிப்பதே முதல் வேலை. அவர் சிறுவர் விடுதியில் பழகிய ஒரு தாதிய உத்தியோகத்தராக இருந்தாலே போதும். இவ்வாறு ஒருவர் நியமிக்கப்பட்ட பிரிவுகள் பிள்ளைகளுக்கான ஆயத்தத்தில் முன்னிற்பதை மேற்சொன்ன மதிப்பீடும் காட்டியது.

வன்னியில் எவ்வகையான நிகழ்வுகளை எண்ணி ஆயத்தமாக வேண்டும்?

பெரியவற்றை நாம் மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி முல்லைத்தீவுக் கரையை ஆழிப்பேரலை அடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். நத்தாருக்கு மறுநாள், அத்துடன் போயா தினம். கடமையில் ஆட்கள் மிகக் குறைந்திருக்கும் நாள் அதைவிட வேறில்லை. 2008 நவம்பரில் நிசா புயல், 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூழ்கடித்த மழையும் இரணைமடுக் குளத்தின் வான்கதவுத் திறப்பும், 2020 டிசம்பரில் புரெவி, 2025 நவம்பர் இறுதியில் டித்வா என்று கார்த்திகையும் மார்கழியும் நமக்குத் திரும்பத் திரும்ப ஒரே பாடத்தையே நடத்துகின்றன. எந்த மாதத்தில் சேமிப்பறையை நிரப்ப வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் ஆய்வு தேவையில்லை: ஐப்பசி பிறக்குமுன் நிரப்பியிருக்க வேண்டும்.

ஆயினும் ஒரு சிறிய வைத்தியசாலையைத் திணறடிப்பது பெரும்பாலும் பேரனர்த்தமாக இருப்பதில்லை. பாடசாலை மரத்திலிருந்த குளவிக்கூடு கலைந்து ஒரு வகுப்பே வந்து நிற்பதும், மாணவர்களை ஏற்றிய வாகனம் ஏ9 வீதியிலோ புகையிரதக் கடவையிலோ விபத்துக்குள்ளாவதும், விழாவில் உண்ட உணவு ஒவ்வாமல் நாற்பது பிள்ளைகள் வாந்தி எடுப்பதும், காணி துப்புரவாக்கும்போது அகப்பட்ட வெடிபொருளைச் சிறுவர்கள் எடுத்து விளையாடுவதும் அனர்த்தங்களே. இரண்டு கட்டில்கள் மட்டுமுள்ள பிரிவுக்கு எட்டுப் பிள்ளைகள் வந்தால், அந்த எட்டே அங்கே பேரனர்த்தம்.

பெரியவர்களுக்கான திட்டத்தையே பிள்ளைகளுக்கும் பயன்படுத்தினால் என்ன?

10 கிலோகிராம் எடையுள்ள பிள்ளையின் உடலில் ஏறத்தாழ 800 மில்லிலீற்றர் இரத்தமே உண்டு. பெரியவர் ஒருவருக்குப் பொருட்டல்லாத 200 மில்லிலீற்றர் இழப்பு, இந்தப் பிள்ளைக்கு உடலிலுள்ள இரத்தத்தின் காற்பங்கு. அத்துடன் பிள்ளையின் இரத்த அழுத்தம் கடைசிவரை சரியாகவே காட்டிக்கொண்டிருந்து, பின் திடீரென விழும். அழுத்தத்தை மட்டும் பார்த்து ஆறுதல் அடைந்தவர் ஏமாந்துபோவார். நாடித்துடிப்பின் வேகமும், குளிர்ந்த கைகால்களும், அழுத்தி விட்ட தோலில் இரத்தம் திரும்பச் சுணங்குவதுமே முன்கூட்டிய அறிகுறிகள். விலா எலும்புகள் வளைந்து கொடுப்பதனால், எலும்பு முறியாமலே உள்ளே நுரையீரல் நசுங்கியிருக்கலாம். எடையோடு ஒப்பிடுகையில் தோலின் பரப்பு அதிகமாதலால் நனைந்த பிள்ளை விரைவில் குளிர்ந்துபோகும். வெள்ளத்திலிருந்து எடுத்த பிள்ளையின் ஈர உடையைக் கழற்றித் துடைத்துப் போர்ப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. கிருமிநாசினி பட்ட பிள்ளையைக் கழுவும்போதும் இளஞ்சூடான நீர் வேண்டும்.

இவற்றோடு, ஒரு கைக்குழந்தையால் தன் பெயரையும் சொல்ல முடியாது. அதற்கான விடை பின்னே வருகிறது.

பல பிள்ளைகள் ஒன்றாக வந்தால் யாரை முதலில் பார்ப்பது?

அதிகம் அழும் பிள்ளையை அல்ல. உரத்து அழும் பிள்ளைக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது. சத்தமின்றிக் கிடப்பதே கவலைக்குரியது.

உடனே பார்க்க வேண்டியவருக்குச் சிவப்பு, இலேசான காயத்துக்குப் பச்சை, காப்பாற்ற வழியில்லாதவருக்குக் கறுப்பு என்று அட்டை கட்டிப் பெரியவர்களைத் தரம் பிரிக்கும் 'ஸ்டார்ட்' முறை 1983ல் கலிபோர்னியாவில் உருவானது. அதைப் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றி, சிறுவர் அவசர வைத்தியர் லூ ரோமிக் 1995ல் அமைத்ததே 'ஜம்ப்ஸ்டார்ட்'. இரண்டுக்கும் உள்ள முக்கியமான வேறுபாட்டைத் தாதியர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நல்லது. மூச்சுப்பாதையைத் திறந்த பின்னும் மூச்சு விடாத பெரியவருக்குப் பெரும் அனர்த்தத்தில் கறுப்பு அட்டை கட்டப்படுகிறது. பிள்ளைக்கோ அவ்வாறு உடனே கட்டுவதில்லை. பெரியவரின் இதயம் நின்று அதன் பின் மூச்சு நிற்பது வழக்கம், பிள்ளைக்குப் பெரும்பாலும் மூச்சு முதலில் நின்று இதயம் பின்னர்தான் நிற்கிறது. எனவே நாடி தட்டுப்படும் பிள்ளைக்கு ஐந்து முறை மூச்சுக் கொடுத்துப் பார்க்க வேண்டும்; மூச்சு திரும்பினால் சிவப்பு, திரும்பாவிடில் கறுப்பு. தானே மூச்சு விடும் பிள்ளையின் மூச்சு நிமிடத்துக்கு 15க்குக் குறைந்தாலும் 45க்கு மேற்பட்டாலும் சிவப்பு. அவ்வாறு மூச்சு விடும் பிள்ளைக்கு நாடி தட்டுப்படாவிட்டாலும், அழைப்புக்கும் வலிக்கும் உரிய முறையில் எதிர்வினை இல்லாவிட்டாலும் சிவப்பு. நடந்து வருபவர்கள் பச்சை. தாய் தூக்கி வந்த குழந்தை 'நடக்கவில்லை' என்பதற்காகச் சிவப்பும் ஆகாது, தாய் நடந்து வந்தாள் என்பதற்காகப் பச்சையும் ஆகாது. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

தரம் ஒரு தடவை பிரித்ததோடு வேலை முடிவதில்லை. பச்சைப் பகுதியில் அமர்ந்திருக்கும் பிள்ளை அரை மணித்தியாலத்தில் சிவப்பாகலாம். அங்கே ஒருவர் நின்று சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். நமது வைத்தியசாலைகளில் அடிக்கடி மறக்கப்படும் ஆள் அவர்தான்.

எடை தெரியாமல் மருந்தின் அளவை எப்படித் தீர்மானிப்பது?

முடிந்தால் நிறுத்துப் பார்ப்பதே சிறந்தது. தராசு அவசரப் பிரிவிலேயே இருக்க வேண்டும், கிளினிக் அறையில் பூட்டியிருக்கக் கூடாது. தாய் கையில் கிளினிக் கொப்பி இருந்தால் கடைசியாக நிறுத்த எடை அதில் இருக்கும். இரண்டும் இல்லையென்றால், ஒன்று முதல் ஐந்து வயது வரை, வயதோடு நான்கைக் கூட்டி இரண்டால் பெருக்கும் பழைய கணக்கு உதவும்: மூன்று வயதுப் பிள்ளைக்கு 14 கிலோகிராம். பிள்ளையின் நீளத்தை அளந்து எடையையும் மருந்தளவையும் ஒருங்கே காட்டும் நிறநாடா ஒன்றும் உண்டு. 1980களில் அமெரிக்க வைத்தியர் ஜேம்ஸ் புரோஸ்லோ உருவாக்கியது. அமெரிக்கப் பிள்ளைகளை அளந்து செய்த நாடா என்பதால், மெலிந்த நமது பிள்ளைகளின் எடையை அது சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் கருத்தில் நாடாவைவிடப் பயனுள்ளது சுவரில் ஒட்டிய ஒரு தாள். 5, 10, 15, 20, 25 கிலோகிராம் என்று நிரல்கள் பிரித்து, அதிகம் பயன்படும் பத்து மருந்துகளின் அளவை மில்லிலீற்றரிலேயே கணக்கிட்டு, குழந்தைநல வைத்திய நிபுணரிடம் காட்டி ஒப்பம் பெற்று ஒட்ட வேண்டும். அதிகாலை மூன்று மணிக்கு, மழை கூரையில் அறையும்போது, ஒருவரும் பெருக்கல் கணக்குச் செய்யக் கூடாது.

எந்தப் பொருள்கள் கையிருப்பில் இருக்க வேண்டும்?

குழந்தைக்கும் சிறுவருக்குமான முகமூடிகளும் கைப்பம்பும், சிறிய அளவு மூச்சுக்குழாய்கள், எலும்பினுள் மருந்து செலுத்தும் ஊசி, குழந்தையின் விரலில் பொருந்தும் ஒக்சிசன் அளவி, சிறிய இரத்த அழுத்தப் பட்டி, குளுக்கோஸ், போர்வை, நப்கின், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி. பட்டியல் நீளமானதன்று. பெட்டி எங்கே இருக்கிறது என்பதே உண்மையான கேள்வி. நான் பார்த்த ஓர் ஒத்திகையில் குழந்தைக்கான முகமூடி இருந்தது. இருந்த அலுமாரி பூட்டியிருந்தது. திறப்பு விடுமுறையில் ஊருக்குப் போனவரின் பையில் இருந்தது. பூட்டுக்குப் பதிலாக, உடைத்தால் தெரியும் ஒரு பிளாஸ்ரிக் நாடாவைக் கட்டினால் போதும்.

பெற்றோர் இன்றித் தனியே கொண்டுவரப்படும் பிள்ளையை எப்படிக் கையாள்வது?

இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் சிகிச்சை சரியாக நடந்தும் இந்த ஓர் இடத்தில் தவறினால் ஒரு குடும்பம் ஆயுள் முழுவதும் தேடிக்கொண்டிருக்கும். காணாமற்போனோரின் படங்களை ஏந்தி நிற்கும் தாய்மாரை நாள்தோறும் காணும் மண்ணில் இதை விளக்க வேண்டியதில்லை.

2004 ஆழிப்பேரலையின் போது கல்முனையில் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு கைக்குழந்தை, அனுமதி வரிசையின்படி '81ஆம் இலக்கக் குழந்தை' என்றே உலகெங்கும் அறியப்பட்டது. பலர் தம் பிள்ளை என்று உரிமை கோரியதாகச் செய்திகள் வந்தன. 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனையின் பின்னரே குழந்தை பெற்றோரிடம் சேர்ந்தது. 2005ல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா சூறாவளியின் பின் காணாமற்போனவர்களாகவோ பிரிந்தவர்களாகவோ முறையிடப்பட்ட பிள்ளைகள் 5,192 பேர். கடைசிப் பிள்ளை குடும்பத்தோடு சேர 2006 மார்ச் வரை சென்றது. அத்தனை கணினிகள் உள்ள நாட்டிலேயே ஏழு மாதங்கள்.

செய்ய வேண்டியது எளிது, ஆனால் முதல் நிமிடத்திலேயே செய்ய வேண்டும். பிள்ளை வந்தவுடன் கையிலும் காலிலும் ஒரே இலக்கமுள்ள பட்டியைக் கட்ட வேண்டும். பட்டி முடிந்துவிட்டால் பிளாஸ்ரரில் எழுதி ஒட்டலாம். முகத்தைக் கழுவுமுன் ஒன்றும் கழுவிய பின் ஒன்றுமாகப் படமெடுக்க வேண்டும். யார் கொண்டுவந்தார், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு எடுத்தார் என்பதை அவர் திரும்பிப் போகுமுன் எழுதிக்கொள்ள வேண்டும்; மீட்டவர் போய்விட்டால் அந்தத் தகவலும் போய்விடும். சட்டை, காப்பு, அரைஞாண், கழுத்திலுள்ள நூல், மச்சம், காதுகுத்து ஆகியவற்றைக் குறித்து, கழற்றிய உடையை எறியாமல் அதே இலக்கமிட்ட பையில் வைக்க வேண்டும். உடன்பிறந்தவர்கள் என்று தெரிந்தால் வெவ்வேறு வைத்தியசாலைகளுக்கு அனுப்பக் கூடாது. அனுப்பியே ஆகவேண்டுமெனில் இருவரின் தாளிலும் மற்றவரின் இலக்கத்தை எழுத வேண்டும்.

பிள்ளையைக் கேட்டு வருபவரிடம் பிள்ளையை முதலில் காட்டக் கூடாது. பிள்ளையின் அடையாளங்களை அவர் சொல்லட்டும். குறிப்போடு ஒப்பிட்டு, அடையாள அட்டையைப் பார்த்து, கிராம அலுவலர் அல்லது குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் அறிந்து சொன்ன பின்னரே ஒப்படைக்கலாம். அழுது நிற்கும் உறவினருக்கு இது கொடுமையாகத் தோன்றும். அவர்களைக் கூடத்தின் நடுவே நிறுத்தி வைக்காமல் ஒரு தனி அறையில் இருத்தி, பெயர் தெரிந்த ஒருவர் கூடவே இருந்தால் அந்தக் கொடுமை சற்றுக் குறையும். பிள்ளைகளின் படங்களை முகநூலிலோ வட்ஸ்அப்பிலோ இடவே கூடாது. உரியவர் வராத பிள்ளையைப் பற்றிப் பொலிசாருக்கும் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்துக்கும் அறிவிக்க வேண்டும்.

மின்சாரமும் ஒக்சிசனும் தடைப்பட்டால்?

2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயோர்க்கைத் தாக்கியபோது, நகரின் பெயர்பெற்ற வைத்தியசாலை ஒன்றில் மாற்று மின்சாரமும் நின்றுபோய், தீவிர சிகிச்சையிலிருந்த 20 சிசுக்களைத் தாதியர் படிக்கட்டு வழியாக இறக்கினார்கள்; மூச்சு இயந்திரத்தில் இருந்த சிலருக்குக் கையால் மூச்சுப் பம்பை அழுத்திக்கொண்டே இறங்கினார்கள். அங்கே வெள்ளம் போனது அடித்தளத்துக்கு. நம்மிடத்தில் மின்பிறப்பாக்கி நிலமட்டத்தில் எங்கே இருக்கிறது, 2018ல் நீர் எந்த உயரத்துக்கு வந்தது என்பதைச் சுவரில் ஒரு கோடிட்டு வைத்தால் பொறியியலாளரை அழைக்காமலே பாதி விடை கிடைக்கும்.

குறைமாதக் குழந்தைக்கு வெப்பப்பெட்டி நின்றால் தாயின் மார்பு இருக்கிறது. தோலோடு தோல் சேர்த்து அணைத்துக் கட்டும் கங்காரு முறை 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், வெப்பப்பெட்டிகள் போதாமையால் பிறந்தது. இடம் மாற்றும்போதும் அதே முறையில் கொண்டுபோகலாம். 2008, 2009 ஆண்டுகளில் வன்னியின் வைத்தியசாலைகள் ஊர் ஊராகப் பெயர்ந்து பாடசாலைக் கட்டடங்களில் இயங்கின. அந்நாட்களில் கடமையாற்றிய மூத்த தாதியர் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். திட்டம் எழுதுமுன் அவர்களை ஒரு பிற்பகல் இருத்திக் கேட்பது, எந்த வழிகாட்டி நூலைப் படிப்பதையும்விடப் பயன்தரும்.

வீதி துண்டிக்கப்பட்டால் பிள்ளையை எங்கே அனுப்புவது?

முல்லைத்தீவிலிருந்து தெற்கு நோக்கியும் வடக்கு நோக்கியும் பாதைகள் இருந்தாலும், பெருமழையில் வட்டுவாகல் பாலத்தின் மேலாக நீர் பாய்வதை எல்லோரும் அறிவர். பாலம் மூடினால் மாங்குளம் வழியா, அதுவும் மூடினால் என்ன என்று வழிக்கு வழி எழுதி வைக்க வேண்டும். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை ஏறத்தாழ 70 கிலோமீற்றர். அந்தத் தூரத்துக்குத் தேவையான ஒக்சிசனைவிட இருமடங்கு வண்டியில் இருக்க வேண்டும். அனுப்புபவர் தொலைபேசியில் பேசாமல் அனுப்பக் கூடாது. எவரும் வர முடியாத நிலையில் ஒரு பிள்ளையை இரண்டு நாள்கள் வைத்துப் பார்க்கும் ஆயத்தம் சிறிய வைத்தியசாலைகளுக்கும் வேண்டும்.

வெள்ளம் வடிந்த பின் என்ன வரும்?

காயங்கள் குறைந்து நோய்கள் வரும். வயிற்றோட்டத்துக்கு ஜீவனியோடு துத்தநாகம் கொடுக்க வேண்டும்: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த குழந்தைக்கு 10 மில்லிகிராம், 10 முதல் 14 நாள்கள் வரை. பாடசாலை மண்டபத் தரையில் உறங்கும் பிள்ளைகளைக் கட்டுவிரியன் கடிப்பதுண்டு. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாமல் விடியற்காலையில் வயிற்றுவலியும் இமைச்சோர்வுமாக எழும்பும் பிள்ளையைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். விஷமுறிப்பு மருந்தை எடைக்கேற்பக் குறைப்பதில்லை. பாம்பு பிள்ளைக்கென்று குறைவாக விஷம் செலுத்துவதில்லை ஆகையால் பெரியவருக்குரிய அளவே பிள்ளைக்கும். வயலில் இறங்கிய வளர்ந்த பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலையும், சில வாரங்களின் பின் டெங்குவையும் எண்ண வேண்டும்.

நலன்புரி நிலையங்களுக்குப் பால்மாப் பெட்டிகள் வந்து குவிவதையும் இங்கே சொல்ல வேண்டும். கொடுப்பவர்களின் மனம் நல்லது. ஆனால் கிணறுகள் கலங்கிய வேளையில் போத்தல் பால் குழந்தைக்கு வயிற்றோட்டத்தையே தரும். பாலூட்டும் தாய்க்கு உணவும், திரைச்சீலை கட்டிய ஒரு மூலையும் கொடுப்பது மேலான தானம்.

ஒத்திகை அவசியமா?

அவசியம். ஆண்டுக்கொரு தடவை பெரிதாக நடத்துவதைவிட, மாதம் ஒரு தடவை தேநீர் வேளையில் மேசையைச் சுற்றி இருந்து, 'இப்போது ஆறு பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள், முதலில் யார் எங்கே நிற்பது' என்று அரை மணித்தியாலம் பேசுவது நன்று. சிற்றூழியர்களையும் வாயிற்காவலரையும் சேர்க்க வேண்டும். முதல் பிள்ளையைத் தூக்குபவர் பெரும்பாலும் அவர்களே. வெளியே நடத்துவதானால் ஊருக்கு முன்கூட்டியே அறிவித்த பின் நடத்த வேண்டும். முன்னறிவிப்பின்றிச் சைரன் ஒலித்தால் பதுங்குகுழி தேடிய நாள்களை நினைத்து நடுங்குபவர்கள் இந்த ஊர்களில் இன்னும் பலர். அவர்களுள் சிலர் நமது சக ஊழியர்கள்.

வைத்தியசாலைக்கு வருமுன் ஆசிரியரும் பெற்றோரும் செய்யக்கூடியது என்ன?

குளத்திலோ கிணற்றிலோ எடுத்த பிள்ளையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. மூச்சு இல்லையென்றால் உடனே ஐந்து தடவை வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, பின் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். குளவி கொட்டியதும் முதலில் அந்த இடத்தை விட்டு அகல வேண்டும். மூச்சுத் திணறல், உதடு வீக்கம், மயக்கம் உள்ள பிள்ளையை எல்லோருக்கும் முன்னதாக அனுப்ப வேண்டும். அந்தப் பிள்ளைக்கு வைத்தியசாலையில் தேவைப்படுவது தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின், கிலோகிராமுக்கு 0.01 மில்லிகிராம், சுணங்காமல். பாம்பு கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ கூடாது. அந்தக் கையையோ காலையோ அசையாமல் வைத்துக் கொண்டுவர வேண்டும். தொடர்ந்து மருந்து எடுக்கும் பிள்ளையின் மருந்தில் ஒரு கிழமைக்குரியதையும் கிளினிக் கொப்பியையும் நீர் புகாத பையில் வைத்தால், வீட்டை விட்டு ஓட நேர்ந்தாலும் அது கூடவே வரும்.

எந்த இலக்கங்களை அழைக்கலாம்?

அம்புலன்சுக்கு 1990, வடமாகாணத்தில் இச்சேவை 2018 முதல் உண்டு, கட்டணம் இல்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. தனித்துவிடப்பட்ட அல்லது ஆபத்திலுள்ள பிள்ளை பற்றி அறிவிக்கத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929. புயலில் தொலைபேசிக் கோபுரங்கள் செயலிழப்பதுண்டு. ஆகையால் அருகிலுள்ள வைத்தியசாலைக்கு எந்தப் பாதையில், யாருடைய உழவு இயந்திரத்தில் போவது என்பதையும் முன்பே பேசி வைக்க வேண்டும்.